அத்தை உட்கார்ந்தால் எரர்

எதிர்வீட்டுக்காரருக்குக் கட்டட பிளான் வரைகிற வேலை. தெருவில் அவர் பேர் 'டெஸ்ட்டு'. கம்ப்யூட்டர் மெமரியை, செய்தவன் சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டு, தாங்குகிறதா என்று நாளெல்லாம் டெஸ்ட் ஓட்டுவார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற சாதி.

போன வாரம் அவருடைய மாமியார் வந்து இறங்கினார். அன்றிலிருந்து திரையில் சிவப்புச் சிவப்பாக எரர். மாப்பிள்ளை கவனித்தார்: அத்தை கம்ப்யூட்டர் அறை நாற்காலியில் உட்கார்ந்தால் எரர்; எழுந்து போனால் சுத்தம். மனசோடு வைத்திருக்கலாம். நாக்கில் சனி.

"அத்தை, கொஞ்சம் ஹால்ல உக்காருங்களேன். நீங்க இருந்தா மெமரி நிக்க மாட்டேங்குது."

என் ஜன்னல் திறந்துதான் இருந்தது. காற்றுக்காகத்தான், வேறெதற்கு?

மாமியார் பெட்டியை எடுத்தார். கூடவே மகளும் தன் பெட்டியை எடுத்தாள். "எங்கம்மாவா, உங்க டப்பாவா? இப்பவே சொல்லுங்க."

"இரும்மா, வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்க ஏத்துங்க. நாங்க பஸ் ஏறிடறோம்."

மாமியார்தான் தடுத்தார். "பழியோட போக மாட்டேன்டி. ஓட்டுங்க மாப்பிள்ளை உங்க டெஸ்ட்டை. நான் இங்கயேதான் உக்காருவேன்."

மடியில் பெட்டி, மூக்கில் கோபம். பக்கத்தில் சுற்றிய மேசை ஃபேனை அவர் தொடவே இல்லை. "உங்க வீட்டுக் காத்துகூட எனக்கு வேணாம்."

டெஸ்ட் முடிந்தது. ஒரு எரர் கிடையாது.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. இத்தனை நாளும் அத்தை உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கம்ப்யூட்டரைப் பார்த்திருந்த ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்; எழுந்து போகும்போது பழையபடி திருப்பி வைப்பார். சூட்டில் மெமரி உளறியிருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றார் மாமியார், வழிகிற வியர்வையைத் துடைத்தபடி. "நான் உக்காந்தாத்தான் அது நிக்குது. இனிமே ஊருக்குப் போறதா இல்ல."

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்து வாயைத் திறந்தார். மனைவி இன்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். மெமரியைப் பழைய வேகத்துக்கே இறக்கினார். ஃபேனை அத்தை பக்கம் தன் கையாலேயே திருப்பினார். இரண்டு பெட்டியும் உள்ளே போனது.

இப்போது எரரே வருவதில்லை. நேற்று மாமியார் என் ஜன்னலுக்கே வந்து பெருமையாகச் சொன்னார்: "எங்க மாப்பிள்ளைக்கு மெமரி நிக்கிறதே என்னாலதான்."

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா, "ஐயோ பாவம், இந்த வயசுலயேவா?" என்றாள்.

நான் ஏன் திருத்தப்போகிறேன்?