அப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதற்கென்று இருவருக்குமே மறந்திருக்கும். எனக்குப் பேச்சு வந்த நாள்முதல் நான்தான் அவர்களுக்குத் தபால்காரன். “அப்பாகிட்ட சொல்லு, வெந்நீர் ரெடி” என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். நான் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழும்.

இதைப் பற்றி, நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணிடம் மூச்சுவிட்டதில்லை. நாங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் முன்னறையில் கண் பரிசோதிப்பவள், நான் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். இரண்டு வருஷப் பழக்கம். கல்யாணம் பேசலாமென்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அன்று ஒரு நாளாவது அடக்கி வாசிப்பார்கள் என்று நம்பினேன். அம்மாவோ அவளிடமே, “மாமாகிட்ட கேளும்மா, இன்னும் டீ வேணுமான்னு” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு மானம் போயிற்று.

திரும்பும் வழியில், சின்ன வயசிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டாள். பரிவாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் கதை உனக்கெதுக்கு என்று எரிந்து விழுந்துவிட்டு, அவளைப் பாதி வழியில் விட்டுப் போனேன்.

மறுநாள் கடையிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அனுப்பிய சீட்டில் இடது கண்ணின் பவர் சரியாகப் புரியவில்லை. முன்னறைக்குப் போனேன். ஒரு பெரியவர் பரிசோதனை மெஷினில் மோவாயை வைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றாள்.

“ஐயா, அவங்ககிட்ட கேளுங்க, இது ஒண்ணேகாலா, ஒண்ணேமுக்காலா?” என்றேன்.

பாவம், அந்த மனுஷர் தலையைத் திருப்பாமலே, “ஒண்ணேகாலான்னு கேக்கறாரும்மா” என்றார்.

அவள் சீட்டை வாங்கித் திருத்திக் கொடுத்தாள். பெரியவரை அனுப்பிவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். குரல் உயரவேயில்லை.

“உங்க வீட்டைப் பார்த்து நான் பயப்படல. இன்னிக்கு அந்தப் பெரியவர் இருந்தார். நாளைக்கு நம்ம வீட்ல நடுவுல நிக்க ஆள் வேணும்னா, ஒரு புள்ளையத்தான் பெத்து நிறுத்தணும். என்னால முடியாது.”

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு முன், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று என் கண் தானாகச் சுற்றிப் பார்த்தது.

அதை அவள் பார்த்துவிட்டாள்.