அணைச்சுப்போட்டேனுங்க

என் வீட்டுக்காரர் கிறிஸ்டோவுக்கு நேரங்காலம் தெரியாது. நான் டிரைவிங் டெஸ்டுக்குப் போகிற அன்று காலையில்தான், காருக்குப் புது ஹெட்லைட் மாட்டுகிறேன் என்று பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ஏற்கெனவே நான் இரண்டு தடவை ஃபெயில். வண்டி பழகக் கொடுத்த என் எல்.எல்.ஆர். அன்றோடு முடிகிறது. இதையும் விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

லைசென்ஸ் எதற்கு என்றால், காங்கேயத்தில் இருக்கிற என் தங்கை கிளாடிஸைப் பார்க்க. எப்போது கேட்டாலும், "தறி ஓடுது அம்மணி, அடுத்த வாரம் போலாம்" என்பார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆயிற்று. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அந்த அடுத்த வாரம் மட்டும் வந்து சேரவில்லை. நினைத்தால் எனக்கு அழுகையாக வரும், அதைவிடக் கோபமாக வரும்.

"ஏனுங்க, இன்னிக்கேதான் மாட்டணுங்களா?"

"பத்தே நிமிசம் அம்மணி. வீடியோ பாத்துட்டேன்."

வீடியோ பார்த்த ஆம்பளையை மாதாவே இறங்கி வந்தாலும் தடுக்க முடியாது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ரிலே என்று கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பின். ஸ்விட்சைப் போட்டால் ஒன்றில் கரண்ட் வருமாம், அணைத்தால் மற்றதில் வருமாம். புது லைட்டின் வயரை முதல் பின்னில் செருக வேண்டும். வேலை அவ்வளவுதான். பக்கத்துக் கொட்டகையில் எங்கள் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தறி ஓடும்போது எங்கள் வீட்டில் பாதிப் பேச்சுதான் காதுக்கு வரும், மீதியை நாங்களே போட்டு நிரப்பிக்கொள்வோம்.

"போடு அம்மணி" என்றார். போட்டேன். எந்தப் பின்னில் கரண்ட் வருகிறது என்று பார்க்கிற டெஸ்ட் லாம்பை அவர் தேடினார், கீழே போட்டார், காருக்கு அடியில் படுத்து எடுத்தார். அதுவரைக்கும் எரிய விடுவானேன், பேட்டரி போய்விடுமே என்று நான் அணைத்துவிட்டேன்.

"என்ன பண்ணுனே?" என்று பானெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"அணைச்சுப்போட்டேனுங்க" என்று நானும் கத்தினேன்.

தறி 'அணைச்சு'வைத் தின்றுவிட்டது. அவர் காதில் விழுந்தது 'போட்டேனுங்க' மட்டும். அந்த நேரம் எந்தப் பின்னில் கரண்ட் வந்ததோ அதில் வயரைச் செருகினார். லைட் எரிந்தது, தூக்கி நின்ற பானெட் மறைத்ததில் எனக்குத் தெரியவில்லை. மணி ஒன்பதரை ஆகிவிட்டது என்று பானெட்டை மூடிவிட்டு, ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறினார்.

வழியெல்லாம் எதிரில் வருகிறவர்கள் கையை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார்கள். லைட் எரிகிறது என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன், ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. ஊரே சேர்ந்து பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம லைட்டப் பாத்து ஆசப்படறாங்க" என்றார் கிறிஸ்டோ.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சட்டையில் லோகப்பிரியா என்று பெயர் குத்தியிருந்தார். கிறிஸ்டோவை இறக்கிவிட்டுப் பக்கத்தில் ஏறினார். எட்டுப் போட்டேன், ஒரு கம்பைக்கூடத் தொடவில்லை. ரிவர்ஸ் எடுத்தேன், அதுவும் நேராகப் போயிற்று. எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

பிறகு அவர் இறங்கி முன்னால் போய் நின்றார். "பகல்ல லைட்டு எதுக்குங்க? அணைங்க."

"அணைஞ்சுதானுங்க இருக்கு மேடம்."

"எரியுதுங்களே."

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்விட்சைப் போட்டேன்.

"ம், இப்ப அணைஞ்சுதுங்க" என்றார். "போடுங்க, பாக்கலாம்."

"போட்டுத்தானுங்க இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தானே அணைத்தார், எரிந்தது. போட்டார், அணைந்தது. பேனாவை எடுத்தார். "வண்டி சரியில்லீங்க. இன்னொரு நாள் வாங்க."

"மேடம், இன்னியோட எல்.எல்.ஆர். முடியுதுங்க" என்றேன். அத்தோடு நிற்கவில்லை. வீடியோ, தறி, டெஸ்ட் லாம்ப், இருபது வருஷத்து அடுத்த வாரம் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எட்டுப் போட்டது யாருங்க?"

"நானுங்க."

"வயரைப் போட்டது?"

வேப்பமரத்தடியில் நின்றவரைக் காட்டினேன். "அவருங்க."

"அப்ப ஃபெயிலு அவருங்க, நீங்க பாஸ்" என்று எழுதினார். கிறிஸ்டோவைக் கூப்பிட்டு, "வயரைச் சரியா மாத்திக் காட்டிப்போட்டு வண்டிய எடுங்க" என்றார்.

இரண்டு நிமிஷ வேலை. பானெட்டுக்குள்ளிருந்து அவர் கேட்க, நான் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னேன். போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கிறிஸ்டோ கையைத் துடைத்தபடி டிரைவர் பக்கம் வந்தார். நான் இறங்கவில்லை.

"ஊட்டுக்குப் போலாம் அம்மணி, தறி ஓடுது."

"காங்கேயத்துக்குங்க."

"அடுத்த வாரம்..."

"வாரேன்னு கிளாடிஸுகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க."

அந்த மைதானத்தில் தறி ஏதும் இல்லை. முழுசாகக் கேட்டது போலிருக்கிறது. எல் போர்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுற்றிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.