நாற்பத்தொரு கிலோ

ராமலிங்கம் ஓட்டியவரை ஒழுங்காக ஓடிய புல் வெட்டும் வண்டி, சந்திராவின் கைக்கு வந்த அன்றைக்கே மக்கர் செய்தது. ராமலிங்கம் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருக்கத் திருப்பத்தூர் போய்விட்டார். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியின் இரண்டு ஏக்கர் புல்வெளி இப்போது அவள் பொறுப்பு. சீட்டில் உட்கார்ந்து, பிரேக் பெடலை மிதித்துச் சாவியைத் திருப்பினால் என்ஜின் கிளம்பியது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிட்டது.

சூப்பர்வைசர் ராஜகோபால் வந்து, தானே ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. நீ பெடலை டக்குன்னு விட்ற. மெல்ல விடு."

அவள் மெல்ல விட்டாள். மெல்ல விட்டாலும் அணைந்தது. கேட்டில் நின்ற இரண்டு வாட்ச்மேன்கள் சிரித்தார்கள். சந்திராவுக்குக் காது சூடேறியது. பதினான்கு வருஷம் உள்ளே வேலை பார்த்தவள் அவள். பசை நெடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். இதுவும் முடியாது என்றால் அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேறு இடமில்லை.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் ரஃபி அகமது மீட்டரோடு வந்தான்.

"இதுல மூணு சுவிட்ச் இருக்குக்கா. பெடல்கிட்ட ஒண்ணு, பிளேடு லிவர்கிட்ட ஒண்ணு, சீட்டுக்கு அடியில ஒண்ணு. ஓட்டுறவங்க கீழ விழுந்துட்டா பிளேடு சுத்திக்கிட்டே இருக்கக்கூடாது இல்ல, அதுக்குத்தான்."

முதல் இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தன. பிறகு சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தான். "இப்ப உக்காருங்க." அவள் உட்கார்ந்து காலை எடுத்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவ்ளோதான். சீட் சுவிட்ச் போய்ட்ச்சு."

மதியத்துக்குள் வேலூரிலிருந்து புது சுவிட்ச் வந்தது. மாட்டிவிட்டு ரஃபி ஓட்டிப் பார்த்தான். ஓடியது. சந்திரா உட்கார்ந்தாள். அணைந்தது. ரஃபி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இன்னா பேஜாரு இது! அந்த வயரையே முறுக்கி, டேப் சுத்தி விட்டுடு ரஃபி," என்றார் ராஜகோபால். "வெள்ளிக்கிழமை வெளிநாட்டு பார்ட்டி வர்றாங்க. புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குது."

ரஃபி பதில் சொல்வதற்குள் சந்திரா முந்திக்கொண்டாள்.

"வயரை முறுக்கினா நான் ஏற மாட்டேன் சார்."

கம்பெனி உள்ளே தோல் வெட்டும் கட்டிங் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்காது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ ஒரு பட்டனை அழுத்தி டேப் ஒட்டி வைத்தார்கள். அந்த மெஷினில், சந்திராவுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த சுகரா பேகத்துக்கு இரண்டு விரல் போனது. துணியில் சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை கூடப் போனவள் சந்திரா. ராஜகோபாலுக்கும் அது தெரியும்.

"சரி. நாளைக்குள்ள எப்படியாவது பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்திரா இன்னொரு முறை ஏறினாள். சாவியைத் திருப்பி, இந்தத் தடவை ஸ்டியரிங்கைத் தள்ளிக்கொண்டு சீட்டில் முதுகை அழுத்திச் சாய்ந்தபடி காலை எடுத்தாள். என்ஜின் ஓடியது. நிமிர்ந்ததும் நின்றது.

"பாய், சாஞ்சு அழுத்தினா ஓடுது பாருங்க."

ரஃபி அவளை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, நீங்க எத்தனை கிலோ?"

அவளுக்குத் தெரியவில்லை. குடோனில் தோல் எடை போடும் தராசில் ஏறி நின்றாள். நாற்பத்தொன்று. ரஃபி எழுபத்தெட்டு.

"அதான் விஷயம்! சீட் ஸ்பிரிங் ரொம்ப முரட்டு ஸ்பிரிங்க்கா. உங்க வெயிட்டுக்குச் சீட் முழுசா இறங்கல. சுவிட்ச் அழுந்தல. வண்டி சீட்டுல ஆளே இல்லன்னு நினைச்சுக்குது."

சந்திராவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. ஸ்பிரிங்கைத் தளர்த்த வழியில்லாததால், சுவிட்ச்மேல் படும் இடத்தில் சீட்டுக்கு அடியில் எதையாவது ஒட்டலாம் என்றான் ரஃபி. கழிவுத் தோல் மூட்டையிலிருந்து அவள் அடித்தோல் துண்டுகள் இரண்டைப் பொறுக்கி வந்தாள். இரண்டையும் ஒட்டினார்கள். என்ஜின் நன்றாக ஓடியது; அவள் இறங்கிய பிறகும் ஓடியது.

"இது வேணாம், இது வேணாம்," என்று ரஃபி பாய்ந்து சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். ஒரு துண்டை உரித்தெடுத்தான்.

மறுபடி ஏறினாள். ஓடியது. எழுந்தாள். நின்றது. நம்பிக்கை வராமல் ஆறு தடவை உட்கார்ந்து எழுந்தாள். ஆறு தடவையும் சொன்னபடி கேட்டது.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் வெட்டத் தொடங்கினாள். கால்வாய் ஓரம் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது; வண்டி தூக்கிப் போட்டபோது இரண்டு இடத்தில் என்ஜின் அணைந்தது. அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு ராஜகோபால் வந்து பார்த்தபோது முன்பக்கம் முழுக்க முடிந்திருந்தது. பச்சைப் புல்லின் வாசனை கேட் வரை வந்தது.

"பின்னாடியும் இன்னிக்கே முடிஞ்சிருமா?" என்றார்.

"முடிச்சிர்றேன் சார். கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, பிளேடு லிவரைப் போட்டாள்.