இடுப்புக்கு மேலே

பெரியக்கா போனின் உறையைக் கழற்றி வைத்தாள். உறையோடு விட்டால், இணையத்தில் துணி விற்கும் லைவ் பாதியில் இருக்கும்போதே போன் கொதித்து, படம் திக்க ஆரம்பித்துவிடும். கைக்குட்டையால் பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். ஸ்டாண்டின் கவ்வியில் போனைச் செருகி, அதன் பின்பக்கம் தன்னைப் பார்க்கும்படி திருப்பினாள். கம்ப்யூட்டர்காரர் வயரின் ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் மாட்டினார்.

"ஃபிளைட் மோடு?"

"போட்டாச்சு."

"போன தடவை உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டு, படம் அப்படியே நின்னுபோச்சு. நீங்க வாயைத் திறந்தபடி நின்னீங்க. கொட்டாவி விடறீங்கன்னு ஜனங்க நினைச்சிட்டாங்க."

"நின்னு நின்னு கொட்டாவிதான் வரும்," என்றாள் பெரியக்கா.

கம்ப்யூட்டர் திரையில் அவள் தெரிந்தாள். தலையிலிருந்து இடுப்பு வரை. பின்னால் வெள்ளைத் துணி கட்டிய சுவர். வட்ட விளக்கின் வெளிச்சத்தில் முகம் பளிச்சென்று இருந்தது. ஸ்டாண்டின் காலில் உயரத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்பு டேப் சுற்றியிருந்தது. தரையில், அவள் நிற்க வேண்டிய இடத்தில், இரண்டு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதில் கால் வைத்து நின்றால் வெளிச்சம் சரியாக விழும். திரையில் அந்தக் கால்கள் வராது. வந்திருந்தால், இடது கணுக்காலுக்கு மேல் சுற்றிய கட்டு தெரிந்திருக்கும்.

அந்த மாடி முன்பு சரக்கு அறை. கடை கீழே. வாசல் கதவைத் தாண்டினால் கல்லா மேசை, அதன்மேல் ஒரு மரப்பெட்டி. காலையில் வரும்போதே விற்பனைப் பெண்கள் எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். சின்ன முதலாளி பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். பெட்டிக்குள் போன் அடித்தால் யாருடையது என்று பெண்களுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். ரெட்டைப்பின்னல் என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுடையது பள்ளி விட்ட நேரத்துக்கு அடிக்கும். அவள் மகன் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடுவான். அடித்து ஓய்ந்தால் வந்துவிட்டான் என்று அர்த்தம். அவள் எடுக்க மாட்டாள். எடுக்க முடியாது. கையில் இருக்கும் சட்டையை மடித்து முடித்துவிட்டு ஒரு மூச்சு விடுவாள், அவ்வளவுதான்.

பெரியக்காவின் போன் மட்டும் பெட்டிக்குள் போவதில்லை. அது மாடிக்குப் போகும்.

லைவ் தொடங்கிய புதிதில் கடைக்கு ஒரு மலிவான கேமரா வாங்கினார்கள். அதில் சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது, நீலம் கறுப்பாகத் தெரிந்தது. வாங்கினவர்கள் பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் கம்ப்யூட்டர்காரர்தான், போனையே கேமராவாக மாட்டலாம், நல்ல போன் ஒன்று இருந்தால் போதும் என்றார். அவர் போனில் கண்ணாடி கீறியிருந்தது. சின்ன முதலாளியின் போனில்தான் ஆர்டர் விழும், வங்கிச் செய்தி வரும். அதை ஃபிளைட் மோடில் போட முடியாது. பெரியக்காவின் போன் புதுசு. வெளியூரில் இருக்கும் மகளின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளும் போய் வாங்கிக் கொடுத்தது. மாட்டிப் பார்த்தார்கள். சிவப்பு சிவப்பாகவே வந்தது.

"இனிமே இதுதான் நம்ம கேமரா," என்றான் சின்ன முதலாளி.

நம்ம என்றதும் பெரியக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவளே மாடியில் நின்று விற்றாள். துணி மடிக்க வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு கவுனைத் தோளில் வைத்துக் காட்டி, குண்டானவங்க ஒல்லியாத் தெரியணும்னா இது, ஒல்லியானவங்க இருக்கிறது தெரியணும்னா அது, என்பாள். பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஆனால் கீழே என்றால் நாலு எட்டு நடக்கவாவது செய்யலாம். இங்கே டேப்பை விட்டு அசையக் கூடாது.

கால் நரம்புகள் முன்பே சுருண்டிருந்தன. மாடிக்கு வந்தபின் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, பிறகு வெடித்தது. புண் ஆறவில்லை. நின்று பிழைப்பவர்களுக்கு வருவது என்றார் மருத்துவர். உட்கார வேண்டும், காலைத் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் எலும்பைத் தேடிப் போகும் என்றார். அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டைப் பிரித்தார். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல்கள். பஞ்சை அவ்வளவு மெதுவாக வைக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஒரு ஸ்டூலு கேளு."

"கேட்டா?"

"கேட்டா குடுப்பான், இல்லன்னா மாட்டான். கேக்காம இருந்தா கால் போயிரும். அப்புறம் உன்னைத் தூக்கிட்டுத் திரிய என்னால ஆகாது, உன் எடைக்கு."

அவள் இன்னொரு காலால் அவரை ஒரு உதை விட்டாள்.

மறுநாள் கேட்டாள். சின்ன முதலாளி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டான். உட்கார்ந்து காட்டினால் துணி விழும் அழகு தெரியாது என்றான். கடை என்றால் நிற்பதுதான் மரியாதை, அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்றான். துணி தோளிலிருந்துதானே விழுகிறது, ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கினால் போதுமே என்று பெரியக்கா சொல்லிப் பார்த்தாள். அவன் கல்லா நாற்காலியில் சாய்ந்தான்.

"உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க பெரியக்கா, நான் கட்டாயப்படுத்தல. ரெட்டைப்பின்னல் நிக்கட்டும். நீங்க குடோன்ல சரக்கு எண்ணுங்க. போனை மட்டும் மேல வச்சிட்டுப் போங்க."

"போன் என்னோடது சார்."

"யாரு இல்லன்னா? சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க. ஜனங்களுக்கு இந்தப் படம் பழகிப்போச்சு. ஆள் மாறலாம், கேமரா மாறக் கூடாது."

அவள் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாடிப்படியில் ஏறும்போது அந்த வாக்கியம் ஒவ்வொரு படியிலும் கூடவே வந்தது.

அன்று தள்ளுபடி லைவ். சாதாரண நாளைவிட மூன்று மடங்கு கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் கேள்விகள் மளமளவென்று ஏறின. பச்சை இருக்கா, பெரிய அளவு இருக்கா, பெரியக்கா நீங்க போட்டிருக்கிற சட்டையே கிடைக்குமா. இது என் சட்டை, துவைச்சுத் துவைச்சு நைஞ்சது, பரவாயில்லன்னா பாதி விலைக்குத் தர்றேன் என்றாள். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

ஒரு கவுனை எடுக்கக் குனிந்தபோது கட்டு நனைந்திருப்பது தெரிந்தது. செருப்பு ஓரத்திலும் ஈரம். நிமிர்ந்தாள். கவுனைத் தோளில் வைத்தாள். விலையைச் சொன்னாள். பிறகு கவுனை மடித்து வைத்துவிட்டு ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"என்னாச்சுங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார் கம்ப்யூட்டர்காரர்.

அவள் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். படம் சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிவப்பு டேப்புக்கு வெகு கீழே வந்ததும் இறுக்கினாள். கட்டுப் பிரிக்காத துணி மூட்டை ஒன்றை இழுத்து டேப்பின்மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். இடது காலை ஒரு அட்டைப்பெட்டியின்மேல் தூக்கி வைத்தாள். கட்டும் படத்தில் வந்தது.

உட்கார்ந்ததும் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அதுவும் லைவில் போயிருக்கும்.

"அடுத்து இந்த நீலம் பாருங்க," என்றாள். தோளில் வைத்தாள். துணி எப்போதும் போல்தான் விழுந்தது.

கேள்விகள் ஒரு கணம் நின்றன. பிறகு கொட்டின. காலில் என்ன பெரியக்கா? கீழே விழுந்துட்டீங்களா? ரத்தமா அது?

"விழலைங்க. நின்னு நின்னு வந்த புண்ணு. உக்காரணும்னு டாக்டர் சொல்றாரு. நீலத்துல பெரிய அளவு ரெண்டுதான் இருக்கு, வேணுங்கிறவங்க சொல்லுங்க."

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சின்ன முதலாளி கீழே தன் போனில் பார்த்துவிட்டு வந்திருந்தான். வாசலில் நின்று இரண்டு கைகளையும் மேலே மேலே தூக்கிக் காட்டினான். அவள் நீலத்தை மடித்தாள். சத்தம் போட்டால் லைவில் கேட்கும். அவன் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, சரக்கு எண் போடும் மையால் எழுதி, அவளுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

பெரியக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எந்திரின்னு எழுதிக் காட்டறாங்க," என்று போனைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத்தான். உங்களுக்கு இல்ல, நீங்க உக்காந்தே பாருங்க."

கம்ப்யூட்டர்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அப்படியே குனிந்தபடி, சின்ன முதலாளி முறைத்த முறைப்பில், ஒலியை நிறுத்தினார்.

இப்போது சின்ன முதலாளியால் பேச முடிந்தது. கடை மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்றான். பிச்சைக்காரி மாதிரி புண்ணைக் காட்டி விற்கிற நிலைமை இந்தக் கடைக்கு வரவில்லை என்றான். அப்பா வேலைக்கு வைத்த ஆள் என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன் என்றான். அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். திரையில் சத்தமில்லாமல் அவள் உருவம் தெரிந்துகொண்டிருந்தது. அவனுடைய கை மட்டும் படத்தின் ஓரத்தில் வந்து வந்து போனது.

"கீழ போங்க. ரெட்டைப்பின்னலை மேல அனுப்புங்க. போன் இருக்கட்டும்."

பெரியக்கா எழுந்தாள். ஸ்டாண்டுக்கு வந்தாள். வயரைப் பிடுங்கினாள். கவ்வியிலிருந்து போனை எடுத்தாள். சுட்டது. உறையைத் தேடி எடுத்து மாட்டினாள். கம்ப்யூட்டர் திரை கறுத்து, நடுவில் கோடு போட்ட சின்னக் கேமராப் படம் ஒன்று வந்தது. கேள்விகள் மட்டும் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருந்தன. பெரியக்கா எங்கே? பெரியக்கா எங்கே?

"பெரியக்கா, வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். நானும் போனும் ஒண்ணாத்தான் வருவோம். உக்காந்துதான் வருவோம்."

அவள் படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கடைசிப் படிகளில் ஒன்றில், கடையைப் பார்த்தபடி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கடையில் யாரும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அலமாரிகளுக்கு முன்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ரெட்டைப்பின்னல் கட்டைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

சின்ன முதலாளி அவளைத் தாண்டி இறங்கிப் போனான். சாவியை எடுத்து மரப்பெட்டியைத் திறந்தான். உள்ளே போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. துழாவி, பெரியதாக ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தான். பூட்டியிருந்தது. கடவுச்சொல் கேட்டது.

"இது யாருது?"

ரெட்டைப்பின்னலுடையது என்று பெரியக்காவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"யாருதுன்னு கேக்கறேன். மேல ஆயிரம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவன் வேறொன்றை எடுத்தான். அதுவும் பூட்டியிருந்தது. இன்னொன்று. அதுவும். மறுபடி பெரியதையே எடுத்தான்.

"என்ன, எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"நீங்கதானே சார் நிக்கச் சொன்னீங்க," என்றாள் ரெட்டைப்பின்னல்.

அப்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது. பள்ளி விட்ட நேரம். திரையில் முன்பல் விழுந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். சின்ன முதலாளி போனைத் தூக்கிப் பிடித்து, அந்தப் படத்தை ஒவ்வொருத்திக்கும் காட்டிக்கொண்டு அலமாரிகளின் வழியே நடந்தான். ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு ஒட்டிப் பார்த்தான். ரெட்டைப்பின்னலின் முகத்துக்கு நேராகவும் பிடித்தான். அவள் இமைக்காமல் எதிர் அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். இந்தக் கடைக்கு அவள் வேலைக்கு வந்தபோது அந்தப் பையன் வயிற்றில் இருந்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சின்ன முதலாளி அடுத்த பெண்ணிடம் போனான்.

"இது யார் வீட்டுப் பையன்?"