முன்னறைக் கோடுகள், குசினிப் புள்ளிகள்

சனிக்கிழமை மாலை பேராசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். தன் மாணவி சாம்பவி உருவாக்கிய விளையாட்டு அவருக்குத் திருப்தி அளித்தால், இத்தாலியின் பலேர்மோ நகர அருங்காட்சியகத்தின் சிறுவர் நாளை அவளே நடத்துவாள்.

விளையாட்டின் கரு, பெரு நாட்டு நச்சுத் தவளை ஒன்று. ஒரே இனம், ஆயினும் ஒரு பள்ளத்தாக்கில் கோடுகளோடும் அடுத்ததில் புள்ளிகளோடும் திரிகிறது. அந்தந்த இடத்தில் வாழும் வேறொரு நச்சுத் தவளையின் கோலத்தையே அது பூண்டிருக்கிறது. ஏன் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

சாம்பவி பாதாம் இனிப்பில் தவளை உருவங்கள் பிடித்து, எல்லாவற்றுக்குள்ளும் நஞ்சுக்குப் பதிலாக மிளகாய்த்தூள் வைத்திருந்தாள். முன்னறையில் கோட்டுத் தவளைகள். சமையலறையான குசினியில் புள்ளித் தவளைகள். அறைக்குப் பாதிப் பேராகப் பிரிந்த அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளே அவற்றைத் தின்ன வரும் பறவைகள். ஒருமுறை கடித்தவர்கள் அந்தக் கோலத்தை மறுபடி தொடமாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

தங்கை நிரோசினி ஒன்றை விழுங்கி விரலையும் நக்கினாள்.

“அக்கா, இன்னுமொண்டு தாங்கோ!”

தட்டுகள் காலியாயின. ஒன்றைச் சுவைத்த பேராசிரியை மட்டும் கண்ணீர் வழிய இருமிக்கொண்டிருந்தார்.

“மிளகாயைக் காட்டி யாழ்ப்பாணத்துப் பிள்ளையளை வெருட்டப் பாத்தியோ, விசரி?” என்று தாய் ஞானம்பிகை சிரித்தாள். சாம்பவியின் முகம் வாடிவிட்டது.

“உண்மைப் பறவைகளுக்கும் மிளகாய் உறைக்காது,” என்று இத்தாலிய மொழியில் சொன்ன பேராசிரியை தண்ணீரை வாங்கிக் குடித்தார். “வேறு நஞ்சு தேடு.”

“அம்மா, பாவற்காய் கிடக்கோ?”

“ஓம், கிடக்கு. பாவம் பிள்ளையள்.”

அறைக்கு ஒரு கோலமாகவே மீண்டும் வைத்த, அரைத்த பாவற்காய் பொதிந்த புதிய தவளைகளைப் பறவைகள் துப்பின. “ஐயோ, கைக்குது!”

அடுத்த சுற்றில் இரு தட்டுகளிலும் இரண்டு கோலங்களும் கலந்திருந்தன. ஒவ்வொரு பறவையும் ஒன்றையாவது கடிக்கவேண்டும் என்பது விதி. முன்னறைக் கூட்டம் கோடுகளை விட்டுப் புள்ளிகளைக் கடித்தது, குசினியில் நேர்மாறு. தப்பிய ஒவ்வொன்றுக்கும் அதே கோலத்தில் ஒரு குஞ்சைச் சாம்பவி சேர்த்தாள். அந்தச் சுற்று முடிந்தபோது முன்னறைத் தட்டில் கோடுகளே எஞ்சின, குசினியில் புள்ளிகளே.

“புள்ளிக்குள்ளையும் கைப்புத்தானே. ஏன் கடிச்சனீ?” என்று முன்னறையில் நின்ற தங்கையிடம் சாம்பவி கேட்டாள்.

“எனக்கெப்பிடித் தெரியும்? இஞ்சை முதல் கைச்சது கோடுதானே!” என்று நிரோசினி சீறினாள்.

சாம்பவி அதை மொழிபெயர்த்ததும் பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். “இதுதான் விடை. வேற்றுக் கோலத்தோடு வந்தேறிய தவளைக்கும் நஞ்சு உண்டு. ஆனால் அவ்விடத்துப் பறவைக்கு அது தெரியாது. பறவைக்குத் தெரிந்த கோலமே பிழைக்கிறது, பெருகுகிறது. சிறுவர் நாள் உன்னுடையது. அந்தக் காய் எங்கே கிடைக்கும்?”

“பல்லரோச் சந்தையில்,” என்ற சாம்பவி, கடை பூட்டுமுன் வாங்கிவரப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மேலிருந்து நிரோசினி கத்தினாள்: “அக்கா, சிறுவர் நாளண்டைக்கு நான் பறவை இல்லை! தவளையா வாறன்!”