ஒன்பதடிக் கொட்டகை

பிளான் வரைகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. திண்டுக்கல்லில் பதினெட்டு வருடமாக வீட்டு பிளான் வரைந்து, மாநகராட்சியில் அனுமதி வாங்கிக் கொடுக்கிறேன். தாளில் ஒன்று, தரையில் ஒன்று என்று கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "ரொனால்டு சார் டேப்போடதான் பொறந்தாரு" என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அப்படிப்பட்ட என்னையே காமராஜ் அண்ணன் தலைகுனிய வைத்துவிட்டார்.

அண்ணன் வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கத்துக்காரர். சாமி, சகுனம் எதையும் பக்கத்தில் சேர்க்க மாட்டார். ராகுகாலம் பார்த்து, அந்த நேரத்தில்தான் தாலியே கட்டினார். அவர் மனைவி பொன்னழகு அக்காவுக்குப் போன சித்திரையில் நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தெருப் பெண்கள் சாயங்காலம் கூடிப் பேசுவதே அக்கா வீட்டு மொட்டை மாடியில்தான். இப்போது அக்கா கீழே டிவிக்கு முன்னால், மற்றவர்கள் அவரவர் வீட்டில்.

அக்காவுக்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட வேண்டும் என்று அண்ணன் வந்தார். இரும்புக் குழாய்த் தூண், மேலே ஷீட், ஒரு மின்விசிறி, அக்கா கால் நீட்டிச் சாய ஒரு சாய்வு நாற்காலி, சுற்றி மற்றவர்கள் உட்கார நாற்காலிகள்.

"மூணு பக்கமும் தெறந்து கெடக்கு. இதுக்கெதுக்குத் தம்பி அனுமதி?" என்றார்.

எல்லாரும் கேட்பதுதான். "கூரை போட்டா அது கட்டடம்தாண்ணே" என்றேன். வீட்டுச் சுவரிலிருந்து மதில்வரை பதினாலு அடி. விதிப்படி மதில் ஓரம் ஐந்தடியைக் காலியாக விட்டு, ஒன்பதடி அகலத்துக்கு வரைந்து அனுப்பினேன். அனுமதியும் வந்துவிட்டது.

வேலை முடிந்து, மாநகராட்சி ஆய்வாளர் பானுப்ரியா பார்க்க வந்தார். சின்னப் பெண். ஆனால் கறார். கொட்டகை நடுவில் பொன்னழகு அக்கா புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். "திங்கக்கெழம சாயந்தரம் எல்லாரையும் வரச் சொல்லிட்டேன் தம்பி" என்றார் என்னிடம். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பானுப்ரியா டேப்பை இழுத்தார். பத்து. இன்னொரு முனையில் போய் அளந்தார். அங்கேயும் பத்து.

"சார், பிளான்ல ஒம்பதுதான இருக்கு?" என்றார் என்னைப் பார்த்து. "இப்படியே விட்டா கொட்டகைய எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்."

எனக்கு மண்டை காய்ந்தது. அண்ணனைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் இழுத்துக்கொண்டு போனேன். "ஏண்ணே, ஒரு அடிய இழுத்துக் கட்டி என்னத்தக் கண்டீங்க?"

 அண்ணன் தொட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "ஒம்பது ஆகாதாம் தம்பி. மனையடி சாஸ்திரத்துல போட்டிருக்கு. ஆயுசு கொறையுமாம். பத்து நல்லதாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். "நீங்களாண்ணே இதெல்லாம் பாக்குறது? அப்படியே பாத்தாலும், எட்டும் நல்ல அளவுதான?"

"எட்டுல அவ கால நீட்டுனா நாலு பேரு உக்கார முடியாது. நாற்காலியப் போட்டுப் பாத்துட்டேன்." குரல் இன்னும் இறங்கியது. "அவ படுக்குற ரூமும் ஒம்பதுதான் தம்பி. கட்டுறப்பவே கொத்தனாரு வேணாம்னாரு. நான் சிரிச்சேன். ஆஸ்பத்திரியில அவள உள்ள கொண்டுபோய்க் கதவச் சாத்துனாங்க பாரு, அப்ப அந்தச் சிரிப்புதான் ஞாபகத்துக்கு வந்துச்சு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. சொல்ல வெட்கமில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பானுப்ரியாவிடம் கெஞ்சலாமா என்றுகூட யோசித்தேன். பதினெட்டு வருடத்தில் அப்படி யோசித்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் பதினாலு அடி இடத்தில் ரகசியம் பேச முடியுமா? "ஏங்க, செத்த இங்க வாங்க" என்று அக்கா கூப்பிட்டார்.

அண்ணன் தப்புச் செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி போய் நின்றார்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்து நான் எங்க படுத்துக் கெடந்தேன்?"

"நம்ம ரூமுல."

"எம்புட்டு நாளு?"

"மூணு மாசம்."

"கஞ்சி வச்சு ஊட்டுனது யாரு? ராத்திரி எல்லாம் முழிச்சுக் கெடந்தது யாரு?"

"நாந்தான்."

"அந்த ஒம்பதடிக்குள்ளதான் நான் பொழச்சு எந்திரிச்சேன். எனக்கு அதவிட ராசியான அளவு வேணாம். தூணக் கழட்டி உள்ள தள்ளுங்க."

பானுப்ரியா தன் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பிறகு, "தரை கெடக்கட்டும் சார், தூணும் கூரையும் உள்ள வந்தாப் போதும். திங்கக்கெழம வந்து அளக்குறேன்" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நானே ஏணி பிடிக்கப் போனேன். அண்ணனும் வெல்டரும் போல்ட்டைக் கழற்றித் தூண்களை உள்ளே நகர்த்தினார்கள். வெட்டி எடுத்த ஒரு அடி ஷீட்டை அண்ணன் ஒருதரம் தடவிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பானுப்ரியா வருவதற்குள் தெருவிலிருந்து நசீம் பானு, சகாயராணி, இன்னும் மூன்று பெண்கள் வந்து நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். எழுந்திருக்கச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கால்களுக்கு நடுவில் டேப்பை விட்டுத்தான் அளக்க வேண்டியிருந்தது.

"ஒம்பது, சரியா இருக்கு சார்" என்றார் பானுப்ரியா.

யார் காதிலும் விழவில்லை. பொன்னழகு அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காமராஜ் அண்ணன் அடுப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றார். டேப்பை அவர் பார்க்கவே இல்லை. அக்கா சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.