நைட்ரஜன் கேன்

செத்துப்போனவரின் செல்போன் மூன்றாவது முறையாக அடித்தபோது மணிமொழி எழுந்துபோய் எடுத்தாள். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"சார், கரியாலூர் பச்சமுத்து பேசறன். காலையிலேர்ந்து மாடு கத்திக்கினே இருக்குது. எப்ப வர்றீங்க?"

"சாரோட பொண்ணு பேசறங்க. அப்பா விடியக்காலைல தவறிட்டாருங்க."

எதிர்முனையில் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"அய்யய்யோ. முந்தாநேத்துதான் வந்து கன்னுக்குட்டிய பார்த்துட்டு, டீ குடிச்சிட்டுப் போனாரு." பச்சமுத்து நிறுத்தினார். பிறகு கூச்சத்தோடு கேட்டார். "அப்ப மாட்டுக்கு இன்னாம்மா பண்றது?"

"லாரன்ஸ் அண்ணன் வருவாருங்க. சாயங்காலத்துக்குள்ள."

லாரன்ஸிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் போவார் என்று தெரியும். அப்பாவோடு தொழில் பழகியவர் அவர்.

அப்பா கந்தசாமி, ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுவந்தவர். பருவத்துக்கு வந்து மாடு கத்தினால் அன்றைக்கே போட்டாக வேண்டும். பைக்கின் பின்னால், கடுங்குளிரான திரவ நைட்ரஜன் ஊற்றிய கேன் கட்டியிருக்கும். அதற்குள், காளை விந்து அடைத்த மெல்லிய குச்சிகள் உறைந்து கிடக்கும். இன்று விடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சேதி வந்தபோது மணிமொழி ஆத்தூரைத் தாண்டிக் காரோட்டிக்கொண்டிருந்தாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நாளை பிற்பகல் அவளுக்குக் கருவி ஒதுக்கியிருந்தார்கள். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். முன் சீட்டில் அவளுடைய நைட்ரஜன் கேன் இருந்தது. அதற்குள் விரல் நீளத்தில் மூன்று குவார்ட்ஸ் குழாய்கள், குழாய்களுக்குள் ஊதா நிறத்தில் உறைந்த ஒரு தாமிரச் சேர்மம்.

சின்னசேலத்துக்கு முன்னால் ஒரு லாரி சட்டென்று நின்றது. அவளும் பிரேக்கை மிதித்தாள். கேன் கவிழ்ந்து காருக்குள் வெள்ளை ஆவி பரவியது. நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டினாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தாள். கேனின் வெளிப்புறம் முழுக்கப் பனி படிந்திருந்தது. இரட்டைச் சுவருக்கு நடுவிலுள்ள வெற்றிடம் போய்விட்டது. இனி எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

குழாய்கள் சூடானால் ஊதா பழுப்பாகும். அத்தோடு எல்லாம் முடிந்தது. மறுபடியும் செய்ய மூலப்பொருள் மிச்சமில்லை.

காரிலிருந்து இறங்கி நேராக அப்பாவிடம் போனாள். கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, மாட்டுக்கொட்டகை ஓரமிருந்த அப்பாவின் கேனைத் திறந்து மரக்குச்சியை விட்டு அளவு பார்த்தாள். குச்சியில் பாதிக்கு மேல் பனி ஏறியிருந்தது. நேற்றுதான் நிரப்பியிருக்கிறார்.

மூன்று குழாய்களையும் இடுக்கியால் எடுத்து அதில் இறக்கினாள்.

"என்னாடி அது, பொகையிது?" என்றாள் பக்கத்து வீட்டு குஞ்சம்மாள்.

"என் ஆராய்ச்சி சாமான் அத்தை."

"எம்மாம் படிச்சும் உங்கப்பன் வேலதான் பண்றியா?"

இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மணிமொழிக்கும் உதட்டோரம் அசைந்தது.

பிற்பகல் பறை முழங்கக் கந்தசாமியை எடுத்துப் போனார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய லாரன்ஸ் ஈர வேட்டியோடு கொட்டகைப் பக்கம் வந்தார். கூடவே மணிமொழியின் அண்ணன் கலையரசன், மழித்த தலையோடு.

"பச்சமுத்து எனக்கும் போன் பண்ணிட்டாரு," என்றார் லாரன்ஸ். "இப்பக் கெளம்புனாதான் பொழுதோட மலைக்குப் போவ முடியும். கேன எடுத்துக்கறன் பாப்பா."

"எந்தக் கேனு?"

"அப்பா கேனுதான்," என்றான் கலையரசன். "நாந்தான் குடுக்கறன்னு சொல்லிட்டேன். இனிமே அப்பா ஏரியாவ அவருதான பாக்கணும்?"

"குடுண்ணே, வேணான்னு சொல்லல. எனக்கு ரெண்டு நாளு வேணும். நாளைக்கு மெட்ராஸ் போயிட்டு வந்து நானே குடுத்துர்றேன்."

கலையரசன் அவளை முறைத்தான். "நாளைக்கா? நாளைக்குப் பால் தெளிக்கணும்."

"தெளிச்சதும் கெளம்பறேன்."

"ஊரு இன்னா பேசும்? அப்பன் சாம்பலு ஆறல, பொண்ணு கேனத் தூக்கிக்கினு போயிட்டாங்கும். அப்பிடி இன்னா இருக்குது அதுல, தங்கமா?"

"தாமிரம்."

"பாரு, கிண்டல் வேற."

"கிண்டல் இல்லண்ணே. காந்தத்துக்கு நடுவுல வெச்சி மைக்ரோ அலைய வுட்டா, அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானு எப்பிடி இருக்குன்னு கோடு கோடா தெரியும். ஒடம்புல தாமிரம் எப்பிடி வேல செய்யிதுன்னு அத வெச்சித்தான் சொல்ல முடியும். இது கரைஞ்சிட்டா ரெண்டு வருசம் போச்சி."

லாரன்ஸ் தலையைச் சொறிந்தார். "என் கேன்ல கொஞ்சம் எடம் இருக்குது. ஆனா அப்பா குச்சிய அதுக்கு மாத்தறதுதான் பயம். வெளிக்காத்து பட்டா செத்துரும்."

"நீங்க மூடியப் புடிங்க. நான் மாத்தறேன். தெனம் அதாண்ணே என் வேல."

"அதெல்லாம் வேணாம்," என்று குறுக்கே வந்தான் கலையரசன். "கேன் லாரன்ஸுக்குத்தான். நீ எங்கயும் போவல."

அப்போதுதான் அம்மா கொளஞ்சியம்மாள் பின்வாசலில் நிற்பதை மூவரும் கவனித்தார்கள். தலைமுடி ஈரமாக இருந்தது. காலையிலிருந்து யாரிடமும் அவள் பேசியிருக்கவில்லை.

"உங்க ஆயா செத்தன்னிக்கி," என்றாள், "பொணம் வூட்டுல கெடக்குது. எலவனாசூர்கோட்டையிலேர்ந்து ஒருத்தன் வந்து மாடு கத்துதுன்னான். பெத்த தாயிக்குக் கொள்ளி வெச்ச கையோட ஓடுனாரு அந்த மனுசன். நான் ஒரு மாசம் பேசல."

கலையரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டா, மாடு நமக்காவ நிக்குமாடின்னாரு." கொளஞ்சியம்மாள் கேனின் அருகே வந்து குனிந்து பார்த்தாள். "இதுவும் நிக்காதா?"

"நிக்காதும்மா."

"உள்ள இன்னாதான் இருக்குது?"

"ஜோடி இல்லாம தனியா ஒரு எலக்ட்ரானு..." என்று தொடங்கிய மணிமொழி, அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

"தாமிரம்மா," என்றாள்.

"எடுத்துக்கினு போ. பால் தெளிச்சிட்டுப் போ." கொளஞ்சியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

லாரன்ஸ் தன் கேனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மணிமொழி இடுக்கியை நைட்ரஜனில் முக்கிக் குளிரவைத்தாள். குச்சிகள் ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு, கண் இமைக்கும் நேரத்தில் ஒவ்வொரு கொத்தாக மாறின. "யப்பா" என்றார் லாரன்ஸ். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் பைக்கை விட்டார்.

மறுநாள் காலை கலையரசன் பால் தெளித்துவிட்டு வரும்வரை இருந்தாள். பங்காளிகள் கூட்டத்தில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். கலையரசன் அவர்களைத் தாண்டி வந்து, தானே கேனைத் தூக்கி முன் சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினான். "பாத்துப் போ" என்றான். அம்மா ஒரு பழைய பச்சைத் துண்டைக் கொண்டுவந்து கேனைச் சுற்றிக் கட்டினாள்.

"இதக் கட்டித்தான் வெப்பாரு. ஆடாது."

உளுந்தூர்பேட்டை வந்து நெடுஞ்சாலையில் ஏறும்வரை மணிமொழி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் சிவசங்கர் முதல் குழாயைக் காந்தத்தின் நடுவே இறக்கினான். தாமிரத்தின் கோடுகள் எப்படியும் வரும். அவற்றை ஒட்டி ஒரு கூர்மையான ஒற்றை முள் எழுந்தால்தான், ஜோடியில்லாத எலக்ட்ரானைத் தாங்கிய ராடிக்கல் உள்ளே பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஒரு மேடு, அடுத்த மேடு. மணிமொழி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

முள் எழுந்தது. திரையின் உச்சிக்குப் போய் இறங்கியது.

"சூப்பர் மேடம்! இவ்வளவு சுத்தமா வந்து நான் பார்த்ததே இல்ல."

"அடுத்த குழாயப் போடுங்க" என்றாள் மணிமொழி.

மூன்றும் முடியும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கேனை எடுத்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆவி விலகிய இடத்தில், அடியில், ஒற்றைக் குச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது. மாற்றும்போது விட்டுப்போனது.

நைட்ரஜன் தொட்டியின் குழாயை இழுத்து கேனுக்குள் விட்டாள்.

"சாம்பிள்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மேடம்?"

"உள்ள ஒண்ணு இருக்கு."

கழுத்து வரை நிரப்பினாள். மூடியை அழுத்தாமல், சும்மா வைத்தாள். அதன் ஓரமாகக் கசிந்த ஆவி அவள் விரல்களின் மேல் படர்ந்து மறைந்தது. மணிமொழி பச்சைத் துண்டை உதறி, கேனைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.